ரெண்டு பாயிண்ட் கூட்டுங்க, பாய்

எங்கள் மேக்கப்மேன்கள் சங்கத்தில் இளைய பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களையும் மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறார்கள். காலை வணக்கம் போடுவதைத் தவிர எங்களுக்கு அங்கே வேறு வேலை கிடையாது. போன வாரம் அதில் ஒரு பையன் கேட்டான். "காதர் பாய், இப்பல்லாம் முகத்து நிறத்தைக் கம்ப்யூட்டர்லயே மாத்திடறாங்க. நீங்க போட்டதிலேயே கஷ்டமான மேக்கப் எது? எழுதிப் போடுங்களேன்."

நான் பதில் சொல்வதற்குள் மற்ற பிள்ளைகள் தீக்காயம் என்றும், தொண்ணூறு வயதுக் கிழவர் என்றும், பேய் என்றும் அவர்களாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "நடவு நடுற ஒரு அம்மாவுக்குப் போட்டது" என்று எழுதினேன். வரிசையாக மஞ்சள் மூஞ்சிகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தஞ்சாவூரில் மகள் வீட்டு மாடியில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் கோபம் வந்தால் எழுதத்தான் முடியும். எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். வாப்பாவுக்கு வளையல் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல் சென்னைக்கு ஓடிப்போய் தாமோதரன் மாஸ்டரிடம் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் ஸ்பாஞ்ச் கழுவினேன். மூன்றாம் வருஷம் கலர் குழைத்தேன். நாலாம் வருஷம் வில்லன்களின் கழுத்தை மட்டும் தொட அனுமதி கிடைத்தது. மாஸ்டர் அதிகம் பேசமாட்டார். யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த முகத்தை விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். நெற்றிப்பொட்டு, கன்னத்து மேடு, தாடை, புருவத்து எலும்பு. "கண்ணு நிறத்தைப் பார்த்து ஏமாந்துரும்டா. விரலுக்கு எலும்பு மட்டும்தான் தெரியும்" என்பார். அதை மட்டும் கடைசி வரை நான் விடவில்லை.

மற்றபடி என் தொழிலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒருவரை அவருடைய நிறத்திலேயே வெளியே அனுப்பியது அபூர்வம். வடக்கே இருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பெண்ணை விமானத்தில் கூட்டிவந்து, கிராமத்துப் பெண் என்பார்கள், நான் கறுப்பாக்குவேன். நம்மூர் மாநிறப் பெண் கிடைத்தால் அவளுக்கு ஆபீஸ் வேலை கொடுப்பார்கள், நான் வெள்ளையாக்குவேன். ஏன் இரண்டு பேரையும் மாற்றிப் போடக்கூடாது என்று ஒரு தயாரிப்பாளரிடம் கேட்டேன். "அப்புறம் நீங்க எதுக்கு பாய்?" என்றார். நியாயம்தானே.

இப்போது அமுதவல்லி. இன்று அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. என் மகள் வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். முதல் படத்தில் பேய். அடுத்ததில் போலீஸ் அதிகாரி. அப்புறம் காதல் படத்தில் சாப்ட்வேர் கம்பெனிப் பெண், சரித்திரப் படத்தில் இளவரசி, ஒரு நகைச்சுவைப் படத்தில் பல் டாக்டர். எல்லாவற்றுக்கும் நான்தான் மேக்கப். பேய்க்குச் சுண்ணாம்பு வெள்ளை, இளவரசிக்குச் சந்தன வெள்ளை, பல் டாக்டருக்கு டியூப்லைட் வெள்ளை. வகை வகையாக நடிக்கிறாள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். வகை வகையான வெள்ளை என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று, அந்தப் பெண் நடிப்பாள். பேயாக அவள் திரும்பிப் பார்த்தபோது லைட்மேன் ஒருவர் ஏணியிலிருந்து இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்.

பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள் என்று விளம்பரத்தைக் கவனிக்கும் பி.ஆர்.ஓ. எல்லா இடத்திலும் எழுதி வைத்திருந்தார். உண்மையில் அவள் எங்கள் நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வேளூர்ப் பக்கத்துப் பெண். பெங்களூரில் ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இது எனக்கே அப்போது தெரியாது. தொலைக்காட்சியில், "இவ்வளவு அழகா தமிழ் பேசறீங்களே, எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். அவளும் கூச்சப்படுகிற மாதிரி சிரித்து, "கஷ்டப்பட்டுத்தான்" என்பாள்.

ஏன் இந்தப் பொய் என்றால், அதுதான் எங்கள் தொழிலின் லட்சணம். கிராமத்துப் பெண் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், ஆயுசுக்கும் இடுப்பில் குடமும் கையில் அரிவாளும்தான். போலீஸ் வேஷம் தரமாட்டார்கள். நகரத்துப் பெண் வயலில் இறங்கினால் அது நடிப்பு. வயலில் பிறந்தவள் வயலில் இறங்கினால், அவள் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம். நடிப்புக்குத்தான் பாராட்டும் அடுத்த படமும். சும்மா இருப்பதற்கு யார் தருவார்கள்? அமுதவல்லிக்கு எல்லா வேஷமும் வேண்டும். அதற்கு அவள் எந்த ஊரும் இல்லாதவளாக இருக்க வேண்டியிருந்தது.

அந்த நிலையில்தான் ஒரு விவசாயி மகள் வேஷம் வந்தது. இயக்குநர் 'நேச்சுரல்' படங்களுக்குப் பேர் போனவர். கதர்ச் சட்டை, மெல்லிய குரல். கோபமே வராது. யாரையும் திட்டியதில்லை, யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "நல்லாருக்கு பாய், ஒரு ரெண்டு பாயிண்ட் மட்டும் கூட்டுங்க" என்பார். கூட்டிக்கொண்டு போனால், "ரொம்ப நல்லாருக்கு பாய், ஒரு ரெண்டு பாயிண்ட்" என்பார். திட்டுகிறவரிடம் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். இவரிடம் முடியாது.

லுக் டெஸ்ட் அன்று அமுதவல்லி முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இயல்பான மாநிறம், டெல்டாவில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் பார்க்கிற நிறம். அப்படியே கொண்டுபோய் நிறுத்தினேன். இயக்குநர் வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், போட்டோ எடுத்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பாய், இந்தக் கலர் நேச்சுரலா இல்லையே."

"சார், இது அவங்க சொந்தக் கலர் சார். நான் இன்னும் கை வைக்கல."

"அதான் சொல்றேன். கிராமம் வரல. ரெண்டு பாயிண்ட் கூட்டுங்க."

தாடையில் மூன்று ஷேடு போட்டு, மூன்றையும் வெயிலில் வைத்துப் பார்த்து, கடைசியில் வண்டல் மண் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அமுதவல்லி கண்ணாடியைப் பார்த்தாள். "நல்லாருக்கு காதர் சார்" என்று எழுந்து போனாள். அப்போதெல்லாம் அவளுக்கு நான் காதர் சார்.

படப்பிடிப்பு தஞ்சாவூருக்குக் கிழக்கே. சம்பா நடவுக் காட்சி. இப்போது பாதி வயலில் மெஷின் நடவு, கையால் நடுகிற ஆட்கள் அந்த ஊரில் கிடைக்கவில்லை. லொகேஷன் பார்க்கிறவர் அலைந்து திரிந்து கீழ்வேளூர்ப் பக்கமிருந்து ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டிவந்தார். பதினான்கு பேர். இறங்கியதும் அமுதவல்லியை ஏற இறங்கப் பார்த்தார்கள். சினிமாக்காரியை ஊரார் பார்க்கிற பார்வை என்று நினைத்தேன். அவள் திரும்பிக்கொண்டு கேரவனுக்குள் போய்விட்டாள்.

நடவு தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நாற்றுக் கட்டை, அதாவது நாற்றுமுடியை, இடது கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து நட்டு நட்டுப் பின்னால் நகர வேண்டும். முன்னால் நகர்ந்தால் நட்டதை நாமே மிதித்துவிடுவோம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் கேமரா முன்னால் இருந்தது. அமுதவல்லி பின்னால் நகர்ந்தால் ஒவ்வொரு ஷாட்டிலும் சின்னதாகிக்கொண்டே போனாள். இயக்குநர் யோசித்துவிட்டு, "முன்னாடி வாங்கம்மா. கேமராவைப் பார்த்து நட்டுக்கிட்டே வாங்க" என்றார்.

அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அமுதவல்லி சிரிக்கவில்லை. ஆக்‌ஷன் என்றதும் முன்னால் வந்தாள். நட்டாள், மிதித்தாள், நட்டாள், மிதித்தாள். நாலாவது அடியில் வரிசையிலிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார்.

"அடியே, நட்டதைத் தொவைச்சுக்கிட்டு எங்கடி வர்ற? பின்னால போடி. சோத்துல கால் வெக்கிற மாதிரில்ல இருக்கு."

எல்லோரும் திகைத்துப்போனோம். கதாநாயகியை 'அடி', 'போடி' என்று திட்டுவதா? கோ டைரக்டர் அந்த அம்மாவை வேனில் ஏற்றப் பாய்ந்தார். அமுதவல்லி மட்டும் கையில் நாற்றுமுடியோடு இரண்டடி பின்னால் போய் நின்றாள். இயக்குநருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அதை வெச்சுக்கலாம். எவ்வளவு நேச்சுரல். அந்தம்மாவை ஹீரோயின் பக்கத்துலயே நிறுத்துங்க" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "பாய், இந்த லேடீஸ் எல்லாம் கொஞ்சம் பளிச்சுன்னு தெரியறாங்க. ஹீரோயினுக்குப் போட்ட ஷேடையே எல்லாருக்கும் போட்டுருங்க."

"சார், அவங்க நிஜமாவே நடவு ஆளுங்க."

"தெரியும் பாய். ஆனா தெரியலையே."

நாற்பது வருஷம் ஆமாம் சார் என்று சொல்லிப் பழகிய வாய், ஆமாம் சார் என்றது. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, நடவு ஆட்களை நடவு ஆட்களாக மாற்ற உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, பவுடர் என்று நினைத்து வாசனை பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பெண், "எங்க மூஞ்சியில மண்ணு பத்தலையாங்க பாய்?" என்றாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆறாவதாக அந்த அம்மா வந்தார். பேர் அஞ்சலை என்றார். வழக்கம்போல் அனுமதி கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி விரலை வைத்தேன். நெற்றிப்பொட்டில் சின்னப் பள்ளம். கன்னத்து மேடு உயர்ந்து காதுப் பக்கம் சரிகிறது. இடது புருவத்து எலும்பு பாதி வழியில் ஒரு வளைவு வளைந்து இறங்குகிறது. என் விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வளைவை ஐந்து படங்களாக நான் பென்சிலால் சரிசெய்துகொண்டிருக்கிறேன். பேய்க்கும் சரிசெய்தேன், இளவரசிக்கும் சரிசெய்தேன்.

கண்ணைத் திறந்தேன். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிடாதீங்க பாய்" என்றார் மெதுவாக. "இன்னும் ரெண்டு படம் பேசியிருக்காங்களாம். ஒண்ணுல டாக்டராம், ஒண்ணுல வக்கீலாம். எம்பொண்ணுன்னு தெரிஞ்சா எல்லாம் போயிடும்னு அதுவே சொல்லிச்சு. வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாச்சு. பாத்துட்டுப் போலாமேன்னு நானாத்தான் வேன்ல ஏறிட்டேன். நான் வர்றது அதுக்குத் தெரியாது."

"இந்தப் பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாம என்ன? அது தவழ்ந்ததையே பாத்தவங்க. யாரும் கேக்கல, சொல்லல. நீங்க சத்தியம் பண்ணுங்க பாய்."

பண்ணினேன். கை வேலையை முடித்தது, மனசு எங்கேயோ போய்விட்டது. பிறகு டச்சப்புக்காகக் கேரவனுக்குப் போனபோது அமுதவல்லி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு மேக்கப் போடத்தான் தெரியும், மறைக்கத் தெரியாது.

"தெரிஞ்சுபோச்சா மாமா?" என்றாள். சார் போய்விட்டது. நாகப்பட்டினத்துக்காரனுக்குக் கீழ்வேளூர்ப் பெண் வேறு என்ன முறை சொல்வாள்? "காலையிலேருந்து அவங்க பக்கத்துலதான் நிக்கிறேன். சாப்பிட்டீங்களான்னு கூடக் கேக்க முடியல. நான் பெங்களூர்க்காரி பாருங்க" என்று சொல்லிவிட்டு, வண்டல் ஷேடு கலையாமல் டிஷ்யூவால் கண்ணுக்குக் கீழே ஒற்றிக்கொண்டாள்.

அன்றோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் காலையில் இயக்குநர் மானிட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து முதல்நாள் எடுத்ததைக் காட்டினார். வரிசையில் அமுதவல்லி, பக்கத்தில் அஞ்சலை. இருவருக்கும் ஒரே ஷேடு. நிறம் ஒன்றானதும் எலும்பு வெளியே வந்துவிட்டது. எல்லாம் என் கைவேலை.

"பாய், ஒரு சின்னப் பிரச்சினை" என்றார். "இவங்க ரெண்டு பேரும் அம்மா பொண்ணு மாதிரி தெரியறாங்க. படத்துல அம்மா வேற ஆள். ஆடியன்ஸ் குழம்புவாங்க. இந்தம்மாவை விட மனசில்ல, அந்தத் திட்டு பிரமாதம். முகத்தை மட்டும் மாத்திடுங்க. அந்தச் சாயலே இருக்கக் கூடாது."

படத்தில் அம்மாவாக நடித்தவர் மும்பையிலிருந்து வந்த ஒரு மேடை நடிகை. தமிழ் தெரியாது. வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைச் சொல்வார், டப்பிங்கில் பாசமாகிவிடும். அவரிடம் இந்த மாதிரிக் குழப்பமெல்லாம் வராது.

அஞ்சலையம்மா உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். "போடுங்க பாய், நமக்கும் அதானே வேணும்" என்றார்.

பிள்ளைகளே, வேலையைக் கவனியுங்கள். முதலில் இடது புருவம். ஈரச் சோப்பைத் தேய்த்து முடியைப் படியவைத்து, காயவைத்து, மேலே பவுண்டேஷன் பூசி அந்த வளைவையே இல்லாமல் செய்தேன். அதற்குமேல் நேராக ஒரு புருவம் வரைந்தேன். கன்னத்து மேடு மகளுடையது. அதற்குக் கீழே வெளிச்சத்தையும் மேட்டின்மேல் இருட்டையும் போட்டு அதைத் தட்டையாக்கினேன். மூக்கின் இருபுறமும் வெளுப்பைக் கூட்டி அகலமாக்கினேன். கீழுதட்டுக்குள் ஒரு துண்டு பஞ்சு வைத்தேன், வாயின் கோடு மாறியது. முன்பல் ஒன்றைக் கறுப்பாக்கினேன். ஒன்றரை மணி நேரம். ஒவ்வொன்றை அழிக்கும்போதும் அந்தப் பெண் குழந்தையாக இருந்தபோது எந்த இடத்தை யாருடைய சாயல் என்று ஊரில் கொஞ்சியிருப்பார்கள் என்று நினைப்பு ஓடியது.

கண்ணாடியைக் கொடுத்தேன். அந்த அம்மா நெடுநேரம் பார்த்தார். "எங்க மாமியா மாதிரி இருக்கேன். அவ முழிச்ச முழியே நல்லாருக்காது" என்றார். சிரிக்க முயன்றார், வாயில் பஞ்சு இருந்ததால் சரியாக வரவில்லை.

வரிசை நின்றது. பி.ஆர்.ஓ. பத்திரிகைக்காக மொபைலில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அமுதவல்லி வயலில் இறங்கி வந்து பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள், அப்புறம் வரிசை நெடுகப் பார்த்தாள். அம்மாவைத் தேடுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. ஒரு கோடிக்குப் போய் மறு கோடிக்குக் கண் திரும்பி வந்தது. பிறகு பக்கத்தில் இருந்தவரின் கைகளைப் பார்த்தாள். கைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அமுதவல்லி நாற்றுமுடியைக் கீழே போட்டாள். குனிந்து இரண்டு கையாலும் வயல் தண்ணீரை அள்ளி அந்த முகத்தில் விட்டு, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சோப்பும் பவுண்டேஷனும் வழிந்தன. பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

"சார், இவங்க எங்கம்மா. நான் கீழ்வேளூர்ப் பக்கம் சார். இதே மாதிரி நட்டுத்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. அவங்க மூஞ்சியை அழிச்சு எனக்கு எந்த வேஷமும் வேணாம்."

போயிற்று, டாக்டரும் வக்கீலும் போயிற்று என்று நினைத்தேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர்.

"கட் பண்ணாதீங்க" என்றார் மெல்லிய குரலில். "கேரக்டருக்குள்ள போயிட்டாங்க. பெங்களூர்ல வளர்ந்த பொண்ணு, எங்கிருந்து வருது பாருங்க இந்த வலி."

"சார், நெசமாத்தான் சொல்றேன்."

"அதேதான்மா. அந்த 'நெசமா'வை அப்படியே வெச்சுக்கலாம்."

யாரோ கை தட்டினார்கள். பி.ஆர்.ஓ. தட்டினார், கோ டைரக்டர் தட்டினார், மும்பை அம்மா எழுந்து நின்று தட்டினார். அமுதவல்லி கத்தவில்லை. நடவுப் பெண்களிடம் திரும்பி, "அத்தை, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள். பதின்மூன்று பேரும் அஞ்சலையைப் பார்த்தார்கள்.

அஞ்சலையம்மா வாயிலிருந்த பஞ்சை எடுத்தார். முகம் பாதி அவருடையதும் பாதி என்னுடையதுமாக இருந்தது.

"பொண்ணு நல்லா நடிக்குதுங்க சார்" என்றார். சேற்றுக் கையோடு கை தட்டினார். அந்தப் பெண்களும் தட்டினார்கள்.

அமுதவல்லி வரப்பில் நின்ற என்னைப் பார்த்தாள். "மாமா" என்றாள், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனால் சத்தியத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஸ்பாஞ்சைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நானும் கை தட்டினேன்.